மிஸ்ஸி போட்ட கையெழுத்து

சுங்கை மெலாத்தி தேயிலை எஸ்டேட்டில் வசுமதியை வசுமதி என்று கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் அர்ஜுனன். இன்னொருவர் தொழிற்சங்கத்துச் செயலாளர் கந்தசாமி. மற்ற எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி. எஸ்டேட் பேச்சில் நர்ஸ்.

அவள் நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. எட்டாவது வருஷம், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்பது வருஷம் கொழுந்து வெட்டினாள். கையெழுத்து குண்டு குண்டாக, பார்க்க நன்றாயிருக்கிறது என்று கணக்கெழுதும் கிராணி ஒருநாள் அவளை எஸ்டேட் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். உதவியாள் என்பதுதான் கடுதாசியில் இருந்த பெயர். ஆனால் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு லயத்து வீடுகள் வழியாக நடந்த முதல் நாளே, குழாயடியில் நின்றவர்கள் "மிஸ்ஸி வர்றாங்க, வழி விடு" என்றார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் வழி விட்டார்கள். அதை அவள் மறக்கவே இல்லை.

கிளினிக்குக்கு உரியவர் டிரெசர் டெரன்ஸ். மருந்து கொடுக்கவும் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதவும் படித்துப் பட்டம் வாங்கியவர். மூன்று எஸ்டேட்டுக்கு அவர் ஒருவர்தான். திங்களும் வியாழனும் இங்கே வருவார். மற்ற நாட்களில் கதவைத் திறப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, பிரஷர் பார்ப்பது, டிரெசர் பொட்டலம் போட்டு வைத்துவிட்டுப்போன மாத்திரையை எடுத்துக் கொடுப்பது எல்லாம் வசுமதி. ஆனால் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் டிரெசருடைய இனிஷியல் இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளில் அது எங்கிருந்து வரும்?

"நீயே போட்டுரு மிஸ்ஸி," என்றார் டெரன்ஸ். "நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன. ஒரே கிளினிக்தானே."

முதல் மாதம் மேல் வரியைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஒரு கோடு, மேலே ஒரு வளைவு, வாலில் ஒரு சுழி. அடுத்த வருஷத்துக்குள் சுழி அவள் கையில் தானாக வந்தது. ஒருநாள் டெரன்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எது தன்னுடையது எது அவளுடையது என்று கண்டுபிடிக்க முடியாமல் சிரித்தார்.

"என் பொண்டாட்டிகிட்ட காமிச்சாகூட தெரியாதுலா. சம்பள நாள்ல மட்டும் பேங்க் பக்கம் போயிடாத!"

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கந்தசாமி செடிக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்பவர். தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. அதில் சங்கத்தில் சேர்வதற்கான விண்ணப்பப் பாரம், ரசீது, கொஞ்சம் பிஸ்கட். அந்தப் பாரத்தைக் கொண்டுவந்து மூன்று தடவை அவளிடம் நீட்டியிருக்கிறார்.

முதல் தடவை அவள் வெள்ளைச் சட்டை போட்ட முதல் வருஷம். "நான் இப்ப கொழுந்து வெட்டற ஆளு இல்லண்ணே," என்றாள்.

"வெள்ளச் சட்ட போட்டா ரத்தமும் வெள்ளையாவா ஓடும்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

இரண்டாம் தடவை, டிரெசரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். டெரன்ஸ் மாத்திரை எண்ணிக்கொண்டே, "உனக்கு எதுக்கு சங்கம்? நான் இருக்கேன்ல," என்றார். அவருடைய தலைக்கு மேலே சுவரில் காலண்டர் தொங்கியது. உத்தியோகஸ்தர் சங்கத்துக் காலண்டர். இருபது வருஷமாக அவர் அந்தச் சங்கத்தில் இருந்தார். தினமும் அதில் தேதி கிழித்தவள் வசுமதிதான். ஆனால் அந்தக் காலண்டரையும் அவர் சொன்ன பேச்சையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை கிளினிக் வாசலில் பெரிய சண்டை நடந்த வாரம். ஒருத்தனுக்கு டிரெசர் எம்.சி. கொடுக்கவில்லை என்று சங்கத்து ஆட்கள் கூடிக் கத்தினார்கள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தும் கத்தினார்கள். அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. கந்தசாமி இந்தத் தடவை பாரத்தில் அவள் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்தும் தேதியும் மட்டும் பாக்கி. அவள் பாரத்தை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"சரி தங்கச்சி. இது என் பையிலயே இருக்கும். நீயா வந்து கேக்கறப்ப குடுக்கறேன்."

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இப்படியே வெள்ளைச் சட்டை போட்டுப் பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று.

நவம்பர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரன் வந்தான். தேயிலைச் சரிவில் கால்வாய் வெட்டுகிறவன், முப்பத்துநாலு வயது, இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவான். அன்றைக்கு அவனை அவன் பெண்சாதி திலகா தாங்கிப்பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல காய்ச்சல். கண் சிவந்திருந்தது. வசுமதி கெண்டைக்காலை லேசாகத் தொட்டாள். அவன் அலறிவிட்டான்.

மேசைமேல் இருந்த பழைய போனை எடுத்து டிரெசரைக் கூப்பிட்டாள்.

"டிரெசர், லோகேஸ்வரன் வந்திருக்கான். நூத்திமூனு. கண்ணு செவந்திருக்கு. கெண்டைக்கால தொட விடமாட்டேங்கறான். தானா ராத்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?"

"வேன் எங்க இருக்கு?"

"கொழுந்து ஆளுங்கள ஏத்திட்டு மேல போயிருச்சு."

"அப்புறம் எப்படி அனுப்புவ, தோள்ல தூக்கிட்டா? காய்ச்சல்தானே. பனடோல் மாத்திரை குடு. ரெண்டு நாள் எம்.சி. போடு. வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன். என் இனிஷியல் போட்டுரு."

அவள் போட்டாள். தேதி, பெயர், காய்ச்சல், பனடோல், சுழி. கெண்டைக்காலைப் பற்றி எழுதவில்லை. டிரெசர் எழுதுகிற மாதிரிதானே எழுத வேண்டும்? டிரெசர் தொட்டுப் பார்க்காத காலை அவர் பெயரில் எப்படி எழுதுவது? அப்படித்தான் அவள் நினைத்தாள். போனில் அவள் சொன்னதற்குப் பிறகு சாட்சியாக நின்றிருக்கக்கூடியது அந்த ஒரு வரிதான்.

வியாழக்கிழமை காலை டெரன்ஸ் வந்து சேர்வதற்கு முன்பே லோகேஸ்வரனின் கண் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் கார் எடுத்தான். தானா ராத்தாவிலிருந்து அவனை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். உயிர் மிஞ்சியது. சிறுநீரகம் மிஞ்சவில்லை. இனி வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் படுக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துத் திலகாவைக் குழாயடியில் பார்த்தாள் வசுமதி. குழாயை மறித்தபடி நின்றுவிட்டாள். திலகா சண்டை போடவில்லை. "தள்ளுங்கக்கா, வாளிய வைக்கணும்," என்றாள். அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் திலகா மிஸ்ஸி என்று சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. எஸ்டேட்டுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிசம்பர் பத்தாம் தேதி டிரெசருக்கு ஒரு கடிதம், வசுமதிக்கு ஒரு கடிதம். அவளுடையது இங்கிலீஷில் மூன்று பக்கம். பெரிய கிராணி குகனேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார்.

"அதிகாரம் இல்லாம மருந்து குடுத்தது. அடுத்தவர் இனிஷியல போட்டது. விசாரணை இருவதாம் தேதி ரெண்டு மணி. ஒரு ஆளக் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கு. சங்கத்து ஆளு, இல்லாட்டி ஒன்கூட அதே பதவியில உள்ளவங்க."

"வேலைய விட்டு எடுத்துருவாங்களாண்ணே?"

கிராணி கடிதத்தை நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார். "அதெல்லாம் இதுல எழுதமாட்டாங்கம்மா."

வேலை போனால் வீடும் போகும். அர்ஜுனன் முன்பு எஸ்டேட் லோரி ஓட்டியவர். லோரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபிறகு கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். லயத்து வீடு இப்போது வசுமதியின் பெயரில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "கந்தசாமிகிட்ட போ," என்றார். "வெக்கமாருந்தாலும் போ."

போனாள். கந்தசாமி உட்காரச் சொன்னார். பையின் அடியிலிருந்து பழைய பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்துத் தடவினார். மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. அவருடைய கையெழுத்தில் அவள் பெயர். கீழே தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"நடக்கறதுக்கு முன்னாடி சேந்திருந்தாத்தான் தலைமையகம் ஆள அனுப்பும், வசுமதி. இன்னைக்கு சேந்தா நாளைக்கு நடக்கறதுக்குத்தான்." பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "இதுல தேதி மட்டும்தான் எழுதல. போன வருஷத்துத் தேதிய…" முடிக்காமல் வெளியே பார்த்தார்.

அவளும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். ஆறு எண். ஒரு நொடி வேலை. மாதாமாதம் கோலாலம்பூர்த் தலைமையகத்துக்குப் போகும் உறுப்பினர் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்பது தெரிந்தால், இந்த மனிதர் மாட்டுவார், அவரை நம்பி இருக்கிற மற்றவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள்.

"வேணாண்ணே. பதினோரு வருஷமா போட்டது போதும்."

அன்றைய தேதியையே எழுதித் தன் பெயரைப் போட்டாள். சுழி இல்லாத கையெழுத்து. சின்னப்பிள்ளை போட்டது மாதிரி இருந்தது.

"சரி. சங்கத்து ஆளா இல்லாட்டியும் எஸ்டேட்ல வேலை செய்யற ஆளா நானே வர்றேன்," என்றார் கந்தசாமி. "தங்கச்சி, நல்லா கேட்டுக்க. அவங்க கேக்கவேண்டியத அவங்க கேப்பாங்க. அவங்க கேக்காத கேள்விய கேக்கத்தான் பக்கத்துல ஒரு ஆளு. நான் கேப்பேன், 'யாரு போடச் சொன்னது?' நீ சொல்லணும்."

"டிரெசர் சொல்லித்தான் போட்டேன். பதினோரு வருஷமா. எல்லா புத்தகத்தையும் எடுத்துப் பாருங்க."

"சத்தமா."

தேயிலை வரிசைக்கு நடுவே நடந்து வீடு திரும்பும்போது அவள் அதைப் பத்து தடவை சொல்லிப் பார்த்தாள். செடிகளிடம் நன்றாகத்தான் சொல்ல வந்தது.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கே கிளினிக்குக்கு ஆள் வந்தது. டிரெசருடைய விசாரணையில் சாட்சி சொல்ல வரவேண்டுமாம். கந்தசாமி அப்போது மேல்மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். சாட்சிதானே என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆபீஸ் அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் டெரன்ஸ். அவருக்குப் பக்கத்தில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெண், மேவிஸ், உத்தியோகஸ்தர் சங்கத்து அதிகாரி. டெரன்ஸ் பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். மேவிஸ் அவர் முகத்தைப் பார்க்காமலே அந்தப் பேனாவை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள். சத்தம் நின்றது. வசுமதி அதைக் கவனித்தாள். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

மேவிஸ் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு செவ்வாய்க்கிழமை டிரெசர் கிளினிக்குல இருந்தாரா?"

"இல்லம்மா."

"நோயாளிய அவர் பாத்தாரா?"

"இல்ல."

"புத்தகத்துல இருக்கற இந்த இனிஷியல், இது அவர் போட்டதா?"

"இல்லம்மா. நான் போட்டது."

"நன்றிக்கா. அவ்வளவுதான்."

வசுமதி இன்னும் ஒரு கேள்வி வரும் என்று நின்றாள். டெரன்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து மூன்று பேரில் ஒருவர் எழுதி முடித்துத் தலையை ஆட்டினார். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

அரைமணி நேரத்தில் டெரன்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளிடம் அவர் வந்து நின்றார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு சொல்லிட்டாங்கலா, மிஸ்ஸி. நான் உன்னப்பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. சத்தியமா."

அது உண்மை. அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

அவர் போனபிறகு மேவிஸ் ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு யாரு வர்றாங்க?"

வசுமதி சொன்னாள். மேவிஸ் தன் பையின் வாரைத் திருகினாள்.

"அக்கா, அவரு என் ஆளு. எனக்கு வேற வழி இல்ல. நீங்க என் ஆளா இருந்திருந்தா, என் முதல் கேள்வியே வேறயா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். தேநீர் ஆறுகிறவரை வசுமதி கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டு மணிக்குக் கந்தசாமி சலவைச் சட்டையில் வந்தார். மருந்து நாற்றம் போகாமல் இருந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நடுவில் இருந்தவர் ஒரு தாளைப் பார்த்தார்.

"இவங்க பேரு உங்க பட்டியல்ல இல்ல."

"பட்டியல விடுங்க சார். நான் இங்க கூட வேலை செய்யற ஆளு."

"அதே பதவியில இருக்கணும். நீங்க மருந்தடிக்கற ஆளு. இவங்க கிளினிக் உதவியாள்."

"எஸ்டேட்டுக்கே இவங்க ஒரு ஆளுதானே சார் கிளினிக் உதவியாள்? அதே பதவிக்கு நாங்க எங்க போறது?"

"அது கடிதத்துல தெளிவா இருக்கு, மிஸ்டர் கந்தசாமி."

கந்தசாமி எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்துதான் ஆகவேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் எழுந்தார். "நீயே சொல்லிடு," என்று அவள் காதருகே சொல்லிவிட்டுப் போனார். நாற்காலி அங்கேயே கிடந்தது.

கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றாள். இனிஷியல் யார் போட்டது? நான். மருந்து கொடுக்க உங்களுக்கு அனுமதி உண்டா? இல்லை. கேள்விகள் வழவழவென்று வந்தன. பதில்கள் அதைவிட வழவழவென்று போயின. பொய் ஒன்றும் இல்லாததால் அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

காலியான நாற்காலியைப் பார்த்தாள். செடிகளிடம் சொன்னதை நினைத்துக்கொண்டாள்.

"டிரெசர் சொல்லித்தான் போட்டேன் சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்டது. "பதினோரு வருஷமா. எல்லா புத்தகத்தையும் எடுத்துப் பாருங்க. அன்னைக்கும் போன் பண்ணிக் கேட்டேன். கெண்டைக்கால் வலின்னுகூட சொன்னேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் காலையில் எழுதிய தாளைத் தேடி எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. அலுப்பாகப் பேசினார்.

"டிரெசர் விசாரணை காலையில முடிஞ்சிருச்சு. அதுல நீங்கதான் சாட்சி. அப்ப இதச் சொல்லலையே?"

"அப்ப கேக்கல சார்."

"கேக்காட்டி சொல்லக்கூடாதா?"

அவள் வாயைத் திறந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவரைக் காலையில் வெறும் எச்சரிக்கையோடு விட்டார்களே என்று சொல்ல நினைத்தாள். அந்த வார்த்தைகள் ஒன்று சேர்ந்து வரிசையில் நிற்பதற்குள் அவர் வாக்குமூலத் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்து, கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினார்.

கிறிஸ்மஸுக்கு முன்தினம் வேலைநீக்கக் கடிதம் வந்தது. ஜனவரி கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கந்தசாமி இரண்டு தடவை ஆபீஸ் ஏறினார். தொழிலாளர் இலாகாவுக்கு எழுதலாம் என்றார், எழுதியும் கொடுத்தார். வருஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் பெட்டிசட்டியை வைக்க ஓர் இடம் வேண்டும். அர்ஜுனன் சுவரில் இருந்த சாமிப் படங்களைக் கழற்றும்போது, ஆணிகளை மட்டும் விட்டுவிட்டார். "வர்றவனுக்கு ஒதவும்," என்றார்.

லெம்பா பெர்த்தாமில், அணைக்குக் கீழே, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் காய்கறிக் கொட்டகையில் இப்போது வசுமதி முட்டைக்கோஸ் அடுக்குகிறாள். பின்னால் தகரம் போட்ட அறை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மழை கனத்தால், எப்போது தண்ணீரைத் திறந்துவிடுவார்களோ என்று அர்ஜுனன் அணை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒப்பந்த ஆட்கள், வெளிநாட்டு ஆட்கள், நாளுக்கு நாள் முகம் மாறும். அங்கே சங்கத்துப் பாரம் நீட்ட யாரும் வருவதில்லை.

கந்தசாமியை ஒருநாள் கம்போங் ராஜா சந்தையில் பார்த்தாள். கிளினிக்குக்கு மலர் என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாளாம். வெள்ளைச் சட்டை வாங்குவதற்கு முன்பே சங்கத்தில் கையெழுத்துப் போட்டாளாம். டிரெசருடைய இனிஷியலைப் போடமாட்டேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டாளாம்.

"டிரெசர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்ல முடியும்? இப்ப வாரத்துக்கு மூனு நாள் வர்றாரு."

வசுமதி தலையாட்டினாள். நல்லது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னாள். சொல்லிவிட்டு, கீரைக்கட்டை வாங்காமலே லோரி ஏறிவிட்டாள்.

போன வாரம் கொட்டகையில், பக்கத்தில் நின்று தண்டு வெட்டிக்கொண்டிருந்த நவமணியின் விரலில் கத்தி இறங்கிவிட்டது. ரத்தம் முட்டைக்கோஸ் மேல் ஓடியது. எல்லாரும் கத்தினார்கள். வசுமதி அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், தன் தலைத்துணியின் சுத்தமான ஓரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். முடிச்சு, கிளினிக்கில் போடுகிற அதே முடிச்சு.

"அக்கா, நீங்க நர்ஸா?" என்றாள் நவமணி, வலியிலும் வியப்பாக.

"இல்ல."

"பின்ன எப்படி இப்படிக் கட்டுறீங்க? ஆஸ்பத்திரியில கேட்டா யாரு கட்டினதுன்னு சொல்ல?"

வசுமதி கீழே குனிந்து ரத்தம் பட்ட முட்டைக்கோஸின் மேல் இலையை உரித்துப் போட்டாள்.

"தெரியாதுன்னு சொல்லு," என்றாள். "என் பேர மட்டும் சொல்லிடாத."